மணமேடைக்கு ஒரு பி.ஈ.

அண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கமா சாஞ்சு உக்காருங்க. இந்தப் பை மேல மட்டும் சாஞ்சுடாதீங்க. கண்ணாடி இல்லீங்க, தெர்மாகோல். மேல தங்கக் கலர் அடிச்சது. அமுக்கினா படக்குன்னு போயிடும். மத்ததெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, ரெண்டு மயில், எல்லாம் அங்கதான். இது மட்டும் என் பக்கத்துலயே இருக்கட்டும்னு எடுத்துக்கிட்டேன். இது பேரு இல்லீங்க, படிப்பு. படிப்பைக் கொண்டுபோய் இன்ஜின் சூட்டுல வைக்க மனசு வரல.

ஆத்தூர் வரைக்கும்தானுங்களே? நானும் ஆத்தூர்தான். சாயங்காலம் ஒரு ரிசப்ஷன்.

வாத்தியாரான்னு கேக்கறீங்களா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பேச்சுலயா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அசிஸ்டெண்ட் புரொபசருங்க. மெக்கானிக்கல். எம்.ஈ. முடிச்சுட்டு பிஎச்.டி.க்குப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். பேரு சுகவனம். காலேஜ் பேரு வேண்டாமுங்க, சொந்தக் கதை பேசறப்ப அதை எதுக்கு இழுக்கணும். ஹைவேஸ் மேல பெரிய ஆர்ச் ஒன்னு இருக்கும். ஆர்ச்சைப் பாத்துட்டு ரொம்ப தூரம் உள்ள நடந்தா கட்டடம் வரும்.

உங்க வீட்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க யாராவது இருக்காங்களா? பொண்ணா? நல்லதாப் போச்சு. என்ன மார்க்கு? சரி விடுங்க, மார்க்கா முக்கியம். எங்க சேரப் போகுது?

என்னது, ஆரி வொர்க்கா? இந்தக் கல்யாண ஜாக்கெட்டுல பாசியும் ஜரிகையும் வச்சுத் தைக்கறாங்களே, அதுவா? இப்பவே ஆர்டர் வருதா? முகூர்த்த மாசம்னா சாப்பிட நேரமில்லையா?

அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நான் உங்க தம்பி மாதிரி. காசு வர்றது வேற, சம்பளம் வர்றது வேற. காசு எவனுக்கும் வரும். சம்பளம்னு ஒன்னு படிச்சவனுக்குத்தான் வரும். சில மாசம் வராது, அது வேற விஷயம். ஆனா வர்றப்ப அதுக்குப் பேரு சம்பளம். நாளைக்கு உங்க பொண்ணு என்ன பண்ணுதுன்னு நாலு பேரு கேட்டா ஜாக்கெட்டுல பாசி கோக்குதுன்னு சொல்வீங்களா? சொல்வீங்களா! சரி, நீங்க சொல்வீங்க. கேக்கறவன் என்ன நினைப்பான்?

டிகிரி இல்லாட்டி என்ன ஆகும்னு ஒரு கதை சொல்றேன், கேளுங்க. இந்தப் பைக்குள்ள இருக்கே, அதோட கதைதான். சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆத்தூர் வந்துடும்.

கோடை வந்தா எங்களுக்கு வகுப்பு கிடையாது. ஊர் ஊராப் போகணும். வெளிய இதைப் பிள்ளை பிடிக்கறதுன்னு கிண்டல் பண்ணுவாங்க. நாங்க கல்வி விழிப்புணர்வுன்னு சொல்றது. வாத்தியார் ஒவ்வொருத்தரும் அஞ்சு பேரைக் கொண்டாந்து சேர்க்கணும். சேர்க்கற வரைக்கும் சம்பளத்தை நிப்பாட்டி வைப்பாங்க. தப்பா நினைக்காதீங்க, குடுக்க மாட்டோம்னு சொல்றதில்ல. நிப்பாட்டி வைக்கறது. ஏரியில தண்ணியைத் தேக்கி வைக்கறாங்கல்ல, அந்த மாதிரி.

நாய் கடிக்கும்ணா. அதுதான் இந்த வேலையில கஷ்டம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டு நாய்க்கெல்லாம் எங்களைத் தெரியும். முதுகுல பை, கழுத்துல அடையாள அட்டை, கையில கலர் கலரா நோட்டீஸ். தெருமுனையில திரும்பறப்பவே குரைக்க ஆரம்பிச்சுடும். எனக்கு முன்னாடி வேற காலேஜ்காரங்க வந்துட்டுப் போயிருப்பாங்க, அந்தக் கோவத்தையும் சேர்த்து என் மேல காட்டும்.

இந்த வருஷம் எனக்கு நாலு பேரு சேர்ந்துட்டாங்க. அஞ்சாவதுக்கு ஆளைக் காணோம். சேர்மன் மீட்டிங் போட்டாரு. எல்லாரையும் விட்டுட்டு என்னை எழுப்பினாரு.

“சுகவனம், அஞ்சாவது எங்க?”

“முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன் சார்.”

“முயற்சிக்கு யாருப்பா ஃபீஸ் கட்டறது? ஒரு ஆளு உள்ள வரணும். இல்லாட்டி ஒரு ஆளு வெளிய போகணும். நீயே முடிவு பண்ணிக்க.”

பெரிய மனுஷன். என்கிட்ட முடிவை விட்டாரு பாருங்க.

வேற காலேஜுக்குப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. போலாம். போக முடியாதுன்னு இல்ல. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் காலேஜ் பீரோவுல இருக்கு. சேர்றப்பவே வாங்கி உள்ள வச்சுடுவாங்க. எனக்கும் அதுதான் வசதி, எங்க வீட்ல கரையான் ஜாஸ்தி. அதுவும் போக, எங்கம்மாவை நினைச்சுப் பாக்கணும். ஊர்ல எங்கம்மாவுக்குப் புரொபசரம்மான்னு பேரு. ரேஷன் கடையில வரிசையில நின்னா முன்னாடி விடறாங்க. அந்தம்மாகிட்டப் போய் நான் இனிமே புரொபசர் இல்ல, வரிசையிலயே நில்லுங்கன்னு எப்படிண்ணா சொல்றது?

அப்படி மண்டை காஞ்சு ஒரு டீக்கடையில நிக்கறேன். கடைக்காரர்தான் சொன்னாரு, “பின்னாடி தெருவுல அங்கம்மா வீட்டுப் பையன் பிளஸ் டூவோட நிறுத்திட்டான், கேட்டுப் பாருங்க”ன்னு. எந்த வருஷம் நிறுத்தினான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

போனா அது வீடா, அரண்மனையான்னு தெரியல. வாசல்ல லாரி. கொடியில சேலை மாதிரி நீள நீளமா ரோஸ் கலர்த் துணி காயுது. வேப்ப மரத்தடியில ராஜா ராணி நாற்காலி வரிசையா நிக்குது, கல்யாண மேடையில போடுவாங்களே, சிங்கம் வச்ச கைப்பிடியோட, அது. அங்கம்மா அதுல ஒன்னைத் துடைச்சு என்னை உக்கார வச்சாங்க. காலு தரைக்கு எட்டல.

பையன் வந்தான். பேரு லோகநாதன். பையன்னா, மீசையெல்லாம் கனமா வச்ச பையன். கையெல்லாம் ஜிகினாத் தூள்.

“தம்பி என்ன பண்றீங்க?”ன்னேன்.

“மண்டப டெக்கரேஷன் சார். மேடை, பந்தல், லைட்டு, வாசல்ல வாழைமரம் வரைக்கும் நம்மதுதான். சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சின்னு ஓடிட்டு இருக்கு.”

“அது சரி. வேலைக்குன்னு எதுவும் முயற்சி பண்ணலையா?”

அவன் அவங்கம்மாவைப் பாத்தான். நான் விடல. எங்களுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க, எதிர்ல இருக்கறவங்க மௌனமா இருந்தா உடனே பேசணும்னு. “படிச்சா கை நிறைய சம்பளம், ஏசி ரூம், கழுத்துல டேக்கு. வெயில்ல நிக்க வேண்டியதில்லை”ன்னேன். அந்த நேரம் பாத்து என் கழுத்துல இருந்த டேக்கு வேர்வையில சட்டையோட ஒட்டிக்கிச்சு, பிச்சு எடுத்தேன்.

“டேய் கௌதம், இங்க வாடா”ன்னான் லோகநாதன்.

ஏணி மேல சீரியல் பல்பு மாட்டிக்கிட்டிருந்த ஒருத்தன் திரும்பினான். “சார், வணக்கம் சார்! நல்லா இருக்கீங்களா சார்?”

பாத்தா நம்ம பையன். என்கிட்ட தெர்மோடைனமிக்ஸ் படிச்சவன். அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தன், லாரிக்கு அடியில இருந்து இன்னொருத்தன். நம்ம காலேஜ் முகமாவே இருக்கு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுண்ணா. சொல்லிக் குடுத்த பிள்ளைங்க நல்லா இருக்கறதைப் பாக்கறதை விட ஒரு வாத்தியாருக்கு என்ன வேணும்? “மெக்கானிக்கல் படிச்சதாலதான்டா ஏணியில இவ்வளவு தைரியமா நிக்கறே”ன்னு சொன்னேன். மறுநாளே பிரின்சிபால்கிட்டச் சொல்லி, ஒரே நிறுவனத்துல எங்க மாணவர்கள் இத்தனை பேரு வேலையில இருக்காங்கன்னு ஆர்ச்சுல ஃபிளெக்ஸ் வச்சுட்டோம். நிறுவனத்துப் பேரை மட்டும் சின்ன எழுத்துல போட்டோம்.

இவ்வளவு பேசியும் லோகநாதன் அசையல. “படிச்சவங்களுக்கு நான் வேலை குடுத்துக்கிட்டிருக்கேன் சார், நான் போய்ப் படிச்சா எனக்கு யார் சார் குடுப்பா?”ன்னான். அது ஒரு மாதிரியான தர்க்கம். படிக்காதவங்க அப்படித்தான் பேசுவாங்க.

அப்பத்தான் அங்கம்மா வாயைத் திறந்தாங்க. “வேலையை விடுங்க சார். படிச்சா பொண்ணு கிடைக்குமா?”

பொண்ணு பாக்க ஆரம்பிச்சு வருஷம் ஓடிப் போச்சாம். தரகர் பச்சியண்ணன் போகாத வீடு இல்ல. ஜாதகம் பொருந்தும், பையனைப் பிடிக்கும், வீட்டைப் பிடிக்கும். கடைசியில பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காருன்னு கேப்பாராம். பிளஸ் டூன்னு சொன்னதும் மோர் கொண்டாந்து குடுப்பாங்களாம். காபி வந்தா பேச்சு இருக்கு, மோர் வந்தா கிளம்புன்னு அர்த்தம். “மோர் குடிச்சுக் குடிச்சு எம் பையனுக்குச் சளி பிடிச்சுக்கிச்சு”ன்னாங்க.

லோகநாதன் சிரிச்சான். ஆனா அது சிரிப்பு இல்ல. “ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் மேடையில பேரு வெட்டி மாட்டறவன் சார் நான். பி.ஈ., எம்.பி.ஏ., எம்.டெக்., பி.டெக்.னு எத்தனை டிகிரி வெட்டியிருக்கேன் தெரியுமா? என் பேருக்குப் பின்னாடி வெட்ட ஒன்னும் இல்ல. பேரோட நிக்குது, மொட்டையா.”

பிடிச்சேன் அண்ணா! அந்த ஒரு வார்த்தையில பிடிச்சேன். “தம்பி, அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்”னேன்.

உங்களுக்குத் தெரியாததில்ல. நம்ம பக்கம் பத்திரிகை அடிச்சா மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி படிப்புப் போடணும். முடிச்சிருந்தா அப்படியே போடலாம். முடிக்கலன்னா பிராக்கெட்டுக்குள்ள போடணும். அரியர் இருந்தாலும் பிராக்கெட்டு, படிச்சுக்கிட்டிருந்தாலும் பிராக்கெட்டு. பிராக்கெட்டோடயாவது ஒன்னு இருந்தாப் போதும், பொண்ணு வீட்ல மோர் வராது.

“சேர்ந்த உடனே போடலாமா சார்?”

“சேர்ந்த அன்னைக்கே போடலாம். பிராக்கெட்டுல.”

“தினமும் வரணுமா?”

“பரீட்சைக்கு வந்தாப் போதும். அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கறேன்.”

அப்புறம் கேட்டான் பாருங்க, “சார், நீங்க எத்தனை டிகிரி?” எண்ணிச் சொன்னேன். “உங்களுக்குப் பத்திரிகை அடிச்சாச்சா சார்?”

ஏணி மேல இருந்து கௌதம் சிரிக்கறான். நான்தான் மெக்கானிக்கல் நடத்தினேன் அவனுக்கு.

எனக்கு அதுக்கெல்லாம் நேரம் அமையலைங்கண்ணா. ஆராய்ச்சி, வகுப்பு, கோடையில ஊர் சுத்தறது. ஒரே ஒரு இடம் போனேன், போன வருஷம். பெத்தநாயக்கன்பாளையத்துல. இதே பச்சியண்ணன்தான் கூட்டிட்டுப் போனாரு. பொண்ணு வினோதினி, எம்.எஸ்சி. அப்பா அர்த்தநாரி, கூட்டுறவு சங்கத்துல இருந்து ஓய்வு. கேசரி, காபி, எல்லாம் முறையாத்தான் வந்துச்சு. பொண்ணுகிட்டத் தனியாப் பேசச் சொன்னாங்க. நான் என் ஆராய்ச்சித் தலைப்பைச் சொன்னேன். அந்தப் பொண்ணு பொறுமையாக் கேட்டுட்டு, “சம்பளம் மாசாமாசம் வருதுங்களா?”ன்னு கேட்டுச்சு. என்ன கேள்விண்ணா அது? எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு கேக்கற கேள்வியா? “வரும், தேங்கி வரும்”னு சொன்னேன். வெளிய வந்தா டம்ளர்ல மோர்.

சரி, அது முடிஞ்ச கதை. லோகநாதனுக்கு வருவோம்.

சேர்ந்துட்டான். சேர்மன் அவனுக்குச் சால்வை போட்டாரு. போட்டுட்டு, முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவுக்கு மேடை அலங்காரம் பண்ணித் தர முடியுமான்னு கேட்டாரு. அவனே மேடை போட்டான், அவனே ஏறி ரோஜாப்பூ வாங்கிக்கிட்டான். அஞ்சாவது ஆளு உள்ள வந்துட்டான், நான் வெளிய போகல. ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. பாதி ஃபீஸ்தான் கட்டியிருக்கான். மீதி கல்யாணத்துக்கு அப்புறம்னு சொல்லியிருக்கான். அதைக் கட்டினாத்தான் காலேஜுல அவன் தலையை என் பேர்ல எண்ணுவாங்க.

ரெண்டே வாரம். பச்சியண்ணன் ஓடி வந்துட்டாரு, ஒரு வரன் படிஞ்சிருக்கு, பையன் பி.ஈ. படிக்கறான்னு காலேஜ்ல இருந்து யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு. நான்தானே காலேஜ்? கிளம்பிட்டேன். எந்த ஊருன்னு பஸ்ல ஏறினப்புறம்தான் சொன்னாரு. பெத்தநாயக்கன்பாளையம்னு.

ஆமாங்கண்ணா. அதே வீடு.

பச்சியண்ணனுக்கு நான் போன வருஷம் வந்தது மறந்து போச்சு, எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போறவரு. அர்த்தநாரி என்னை ஏற இறங்கப் பாத்தாரு. “தம்பியை எங்கயோ பாத்திருக்கனே?”

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் சம்சாரம் உள்ள இருந்து, “நம்ம வினோதினியைப் பாக்க வந்தாங்களே, அந்த வாத்தியாருங்க!”ன்னுட்டாங்க.

மனுஷன் எழுந்து நின்னுட்டாரு. “அட, நம்ம வாத்தியார் தம்பி! உக்காருங்க, உக்காருங்க. ஃபேனைப் போடும்மா.” அப்படி ஒரு மரியாதை. மாப்பிள்ளையா வந்தப்பக்கூட அவ்வளவு மரியாதை இல்ல. கேசரி வந்துச்சு. போன தடவை முந்திரி கொஞ்சம் அதிகம், ஆனா நெய் இந்தத் தடவைதான் சரியா இருந்துச்சு.

“பையன் எப்படிங்க தம்பி? நல்லாப் படிப்பானுங்களா?”

“எங்க காலேஜுல சேர்ந்ததுல இருந்து ஒரு பரீட்சையிலகூட தோத்ததில்லீங்க”ன்னேன். பொய் இல்லண்ணா. இன்னும் ஒரு பரீட்சையும் நடக்கல.

“படிச்சு முடிச்சா நல்ல வேலை கிடைக்குங்களா?”

அங்கதான் நான் நிமிர்ந்து உக்காந்தேன். மாப்பிள்ளைகிட்ட வேலை பாக்கறவங்க எத்தனை பேருன்னு சொன்னா அவருக்குப் புரியுமா? புரியாது. டிகிரி முடிச்சா என்னை மாதிரி வரலாம்னு சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறிச்சு. சம்சாரத்தைப் பாத்தாரு. நான் உடனே, “ஆனா அவருக்குத் தொழில் இருக்குங்க, படிப்பு ஒரு கௌரவத்துக்குத்தான்”னு சேர்த்துக்கிட்டேன். மறுபடியும் கேசரி வச்சாங்க.

கிளம்பறப்ப அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்துச்சு. “சார், அவருக்கு டிகிரி வேணும்னு நான் கேக்கலீங்க. அப்பாவுக்குத்தான். எனக்கு அந்தத் தொழிலே பிடிச்சிருக்கு, நானும் கூட நின்னு பாத்துக்கலாம்னு இருக்கேன்”னுச்சு. அப்புறம், “உங்களுக்கு இப்ப மாசாமாசம் வருதுங்களா சார்?”ன்னு கேட்டுச்சு. நக்கல் இல்லண்ணா. நிஜமாவே அக்கறையாத்தான் கேட்டுச்சு. வருதும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நல்லா யோசிச்சுப் பாருங்க. என்ன நடந்துச்சு? டிகிரி இல்லாம வருஷக் கணக்கா மோர் குடிச்சவனுக்கு, டிகிரின்னு ஒரு வார்த்தை வந்ததும் ரெண்டே வாரத்துல பொண்ணு. அதுவும் எம்.எஸ்சி. பொண்ணு. இதுக்கு மேல படிப்போட அருமைக்கு என்ன சாட்சி வேணும்? நான் இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதையைத்தான் சொல்றது. பொண்ணு பாக்கப் போன கதையை மட்டும் சொல்றதில்ல. உங்ககிட்டத்தான் வாய்தவறி வந்துடுச்சு.

எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? நான் ஒன்னும் வருத்தப்படலீங்க. நல்ல சட்டை போட்டிருக்கேன், பாருங்க. லோகு எடுத்துக் குடுத்தது. பஸ் டிக்கெட்டும் அவன்தான். முகூர்த்த நாள்ல நான் அவனுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்றது. மண்டபத்துக்காரங்ககிட்டப் பேசறது, பூக்காரங்களைக் கூப்பிடறது. “காலேஜை விட்டுட்டு மேனேஜரா வந்துடுங்க சார், மாசம் பொறந்தா கையில வச்சுடறேன்”னு கேட்டுக்கிட்டே இருக்கான். நான் ஒத்துக்கல. எம்.ஈ. படிச்சவன் பந்தல் வேலைக்குப் போனா நான் படிச்ச படிப்பு என்ன ஆகறது? இப்ப அவன் குடுக்கறது சம்பளம் இல்லீங்க, அன்பளிப்பு. அம்மாவுக்கு மாத்திரை, வீட்டு வாடகை, இதெல்லாம் அந்த அன்பளிப்புல நடக்குது. சம்பளம் வந்ததும் சம்பளத்துல நடக்கும்.

வாழப்பாடி தாண்டிட்டோம் போலிருக்கே. இருங்க, பிராக்கெட்டு சண்டையைச் சொல்லல இன்னும்.

மேடையில பேரு வைக்கணும்ல. லோகுவே வெட்டிக்குவான், ஆனா தன் கல்யாணத்துக்குத் தன் கையால எழுத்து வெட்டக் கூடாதுன்னு அங்கம்மா சொல்லிட்டாங்க. அதான் சேலத்துல ஒரு கடையில சொல்லி, தங்கக் கலர் அடிச்சு, நான் போய் வாங்கிட்டு வர்றேன். இந்தப் பையில இருக்கறது பி.ஈ.யும் ரெண்டு பிராக்கெட்டும். பிராக்கெட்டு ரெண்டும் பெருசு, பாருங்க, பையை விட்டு வெளிய நீட்டிக்கிட்டிருக்கு.

அர்த்தநாரிக்கு இந்தப் பிராக்கெட்டு பிடிக்கல. “பத்திரிகையில இருந்துட்டுப் போகட்டும் தம்பி, பத்திரிகையை யாரு ஞாபகம் வச்சுக்கறா. மேடையில வேண்டாம். போட்டோவுல, வீடியோவுல காலத்துக்கும் நிக்கும். சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க”ன்னாரு. நான் அசையவே இல்லை. “படிப்புன்னா நேர்மை வேணுங்க. முடிக்காம முடிச்சேன்னு போடறதுக்கு ஒரு வாத்தியாரா நான் சம்மதிக்க முடியாது”ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். லோகுதான் முடிச்சு வச்சான், “சார் சொல்றதே இருக்கட்டும் மாமா”ன்னு.

அப்புறம் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னான். “சார், உங்களுக்காகத்தான் ஒத்துக்கறேன். பிராக்கெட்டு இருக்குல்ல, அதைக் கழட்டறதுக்காகவாவது நான் படிச்சு முடிச்சாகணும். மீதி ஃபீஸையும் கட்டிடறேன். பிராக்கெட்டு இல்லாமலே மேடையில ஏறிட்டேன்னு வைங்க, அப்புறம் நான் எதுக்கு சார் காலேஜுக்கு வரணும்? அதான் போட்டோவுலயே பி.ஈ. ஆயிட்டேனே?”

நியாயமான பையன். மனசுல இருக்கறதைப் பட்டுனு சொல்லிட்டான் பாருங்க. ஆகப் பிராக்கெட்டு இருக்கற வரைக்கும் அவன் என் மாணவன். அவன் என் மாணவனா இருக்கற வரைக்கும் எங்கம்மா ரேஷன் கடையில முன்னாடி. அதுக்காக நான் பிராக்கெட்டு கேட்டேன்னு நினைக்காதீங்க. நேர்மைக்குத்தான் கேட்டேன். இது கூடவே வந்தது.

அண்ணா? தூங்கறீங்களா? இல்ல, கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. எங்க பசங்களும் அப்படித்தான், கண்ணை மூடினாத்தான் பாடம் உள்ள இறங்கும்பாங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன் நாலு வருஷமும் கண்ணை மூடியே கேட்டான். அந்தக் கௌதம்தான்.

அதனால என்ன சொல்ல வர்றேன்னா, உங்க பொண்ணு விஷயம். பாசி கோக்கறது எங்கயும் போயிடாது. நாலு வருஷம் படிக்கட்டும். பேருக்குப் பின்னாடி ஒன்னு வரட்டும். ஜாக்கெட்டு தைக்கறதா இருந்தாலும் ஒரு பி.ஈ. தைக்குதுன்னா அதுக்கு ஒரு தனி மதிப்பு... அண்ணா... அண்ணா, இந்தப் பக்கம் வராதீங்க, பை... அண்ணா, பை!

போச்சு.

இல்லீங்க, உங்களுக்கு ஒன்னும் ஆகல. தலையில தங்கத் தூள் ஒட்டியிருக்கு, தட்டி விடுங்க. பி.ஈ. நல்லா இருக்கு. பிராக்கெட்டுதான். வலது பக்கத்துது. நடுவுல ரெண்டாப் போச்சு. இடது பக்கத்துக்கு ஒன்னும் ஆகல, முழுசா இருக்கு.

ஒட்டவா? எப்படிங்க ஒட்டறது, துண்டு துண்டா உதிருதே. கண்டக்டர் சார், பசை எதுவும் வச்சிருக்கீங்களா? டிக்கெட் ஒட்டறதுக்கு? இல்லீங்களா. சரிங்க.

இருங்க, அவனுக்கே போன் போடறேன்.

ஹலோ, லோகு. வந்துக்கிட்டே இருக்கேன்பா. ஒரு சின்ன விபத்து. பஸ்ஸுக்கு ஒன்னும் ஆகல, பிராக்கெட்டுக்கு. வலது பக்கம். இல்லப்பா, நான் உக்காரல, பக்கத்துல ஒரு அண்ணா. நீ ஒன்னு வெட்டிட முடியாதா? ஒரே ஒரு பிராக்கெட்டுதானே? அம்மா வேண்டாம்னாங்களா, சரி. கௌதம்? அவன் ஏணியில இருக்கானா. கடைக்குத் திரும்பிப் போனா ரிசப்ஷன் முடிஞ்சுடும். சிரிக்காதப்பா. லோகு, சிரிக்காத. யாரு பக்கத்துல, மாமனாரா? அவர் எதுக்குச் சிரிக்கறாரு? சரி. சரிப்பா. சரி, வச்சிடறேன்.

என்ன சொன்னானா? “ஒத்தைப் பிராக்கெட்டு அசிங்கமா இருக்கும் சார், ரெண்டையும் விட்டுட்டு பி.ஈ.யை மட்டும் கொண்டாங்க”ன்னுட்டான்.

அவ்வளவுதாண்ணா. வாழப்பாடி தாண்டறப்ப முதல் வருஷம் படிச்சவன், பெத்தநாயக்கன்பாளையம் வர்றதுக்குள்ள பி.ஈ. முடிச்சுட்டான். அதோ பாருங்க, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் அர்த்தநாரி வீடு. பூட்டியிருக்கும். எல்லாரும் மண்டபத்துக்குப் போயிருப்பாங்க.

நீங்க எதுக்கு அண்ணா மன்னிப்புக் கேக்கறீங்க? களைப்பா இருந்திருக்கும். காசெல்லாம் வேண்டாம், உள்ள வைங்க. எனக்கு வேண்டியது அது இல்ல. உங்க பொண்ணு பேரு என்ன சொன்னீங்க? ஒரு தடவை காலேஜைப் பாக்க வரச் சொல்லுங்க. பஸ் காலேஜே அனுப்பும். பை குடுப்பாங்க, இந்த வருஷம் ஜிப் நல்லா இருக்கு. அது என்ன கேக்குதோ அந்தக் குரூப் குடுத்துடலாம். தையலுக்கு நேரம் வேணும்னா அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கறேன். ஒரே ஒரு ஆளுதாண்ணா எனக்கு.

எழுதிக்கறீங்களா? சொல்றேன், எழுதிக்குங்க. ஒன்பது, நாலு, நாலு... என்னது? என் நம்பர் இல்லையா?

லோகநாதன் நம்பரா. எதுக்குங்க?

ஓ. கல்யாணம் நடக்கற வீடெல்லாம் அவனுக்குத் தெரியும். உங்க பொண்ணுக்கு ஜாக்கெட்டு ஆர்டர் பிடிச்சுக் குடுப்பான். ஆமாங்க. குடுப்பான்தான். நல்ல யோசனை. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

சொல்றேன், குறிச்சுக்குங்க. அதுக்குக் கீழ என் நம்பரையும் போட்டுக்குங்க. சுகவனம்னு போட்டு, பக்கத்துல எம்.ஈ.

ஆத்தூர் வந்துடுச்சு. நீங்க இறங்குங்க, நான் பேரெல்லாம் எடுத்துக்கிட்டு இறங்கறேன். அந்தப் பிராக்கெட்டுங்களா? உடைஞ்சதை ஜன்னல் வழியாப் போட்டுடுங்க. முழுசா இருக்கற இந்த ஒன்னை இப்படிக் குடுங்க. நான் வச்சுக்கறேன். என் பிஎச்.டி.க்கு ஆகும்.